ஒரே உலை... பல ஊர் ருசி! ஜப்பான் பண்ணையில் உழவர்கள் நடத்தும் பண்பாட்டுப் பரிமாற்றம்

வெளிநாட்டிலிருந்து ஒரு மாணவர் வந்தால், அவருடைய நாட்டுப் பண்பாட்டைத் தெரிந்துகொள்ள வழக்கமாக ஒரு மேடை போடுவார்கள். அவரும் தன் நாட்டு உடையை உடுத்திக்கொண்டு, ஒரு பாட்டுப் பாடி, நாலு படம் காட்டிவிட்டு இறங்குவார். கைதட்டல் கிடைக்கும். ஒரு வாரத்தில் எல்லோருக்கும் மறந்தும் போகும்.

உழவர்களின் பண்பாடு உடையோடும் பாட்டோடும் முடிந்துவிடுவதில்லை. விதையை எப்படிச் சேர்த்துவைக்கிறார்கள், எருவை எப்படி மக்கவைக்கிறார்கள், மிஞ்சிய சோற்றை என்ன செய்கிறார்கள், அறுவடை நாளில் யாருக்கெல்லாம் பங்கு கொடுக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் சேர்த்தி. இவற்றை மேடையில் காட்ட முடியாது. பக்கத்தில் நின்று, சேர்ந்து வேலை செய்தால்தான் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறும்.

இந்த வழியில் 50 ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் ஒரு பண்ணைப் பள்ளி ஜப்பானில் இருக்கிறது. பெயர், 'ஏஷியன் ரூரல் இன்ஸ்டிட்யூட்'. ஜப்பானியர்கள் 'அஜியா காகுயின்' என்கிறார்கள். ஆசியா, ஆப்பிரிக்கா, பசிபிக் தீவுகள் எனப் பல இடங்களிலிருந்தும் கிராமத்து மனிதர்கள் ஒவ்வோர் ஆண்டும் இங்கே வருகிறார்கள். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் பலர் போய்ப் படித்துத் திரும்பியிருக்கிறார்கள்.

வாய்க்கால் வந்த பிறகு வளர்ந்த ஊர்

டோக்கியோவிலிருந்து வடக்கே சுமார் 150 கிலோமீட்டர் தூரத்தில், தொச்சிகி மாநிலத்தின் நாசுஷியோபரா நகரத்தில் இந்தப் பண்ணை இருக்கிறது. ஒரு காலத்தில் இந்தப் பகுதி தண்ணீருக்குத் தவித்த இடம். மலையிலிருந்து அடித்துவரப்பட்ட கூழாங்கற்கள் படிந்த நிலம் என்பதால், மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காமல் கீழே இறங்கிவிடும். 1885-ல் நாசு வாய்க்கால் வெட்டப்பட்ட பிறகுதான் இங்கே விவசாயம் பெருகியது. இன்று நெல், காய்கறியோடு பால் உற்பத்திக்கும் பெயர்பெற்ற பகுதி இது.

பயிற்சி ஏப்ரலில் தொடங்கி டிசம்பரில் முடியும். மொத்தம் 9 மாதங்கள். விதைப்பு, நடவு, களையெடுப்பு, அறுவடை என ஒரு முழு நெல் பருவத்தையும் பார்த்துவிடலாம். ஓர் ஆண்டுக்கு ஏறத்தாழ 25 முதல் 30 பேர் வருகிறார்கள். இவர்களை 'மாணவர்' என்று அழைப்பதில்லை, 'பங்கேற்பாளர்' என்றுதான் சொல்கிறார்கள். ஆசிரியர் சொல்லிக் கொடுக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் முறை இங்கே கிடையாது. ஒவ்வொருவரும் தன் ஊரில் செய்வதை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தாக வேண்டும்.

அமெரிக்காவில் படித்த ஜப்பானியர்

இந்தப் பள்ளியை 1973-ல் தொடங்கியவர் டோஷிஹிரோ தகாமி. 1926-ல் பிறந்தவர். வறுமையில் வளர்ந்து, சிறு வயதில் ஜென் மடாலயத்தில் சேர்ந்து, பிறகு ஒரு வெளிநாட்டவர் வீட்டில் சமையல் வேலை பார்த்தவர். அங்கிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கப் போனார். மக்காச்சோளம் விளையும் நெப்ராஸ்கா மாநிலத்தின் டோன் கல்லூரியில் படித்தார். போரில் ஜப்பானும் அமெரிக்காவும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு சில ஆண்டுகளே ஆகியிருந்த நேரம் அது. எதிரி நாட்டு மாணவராக அந்நிய மண்ணில் இருப்பது எப்படிப்பட்டது என்பது அவருக்கு அனுபவமாகவே தெரியும்.

ஊர் திரும்பிய தகாமி, டோக்கியோவுக்குப் பக்கத்தில் உள்ள சுருகாவாவில் 1960-ல் தொடங்கப்பட்ட ஆசியக் கிராமத் தலைவர்களுக்கான பயிற்சியில் ஈடுபட்டார். 1970 நவம்பரில், இன்றைய வங்கதேசத்தைப் பெரும்புயல் சூறையாடியது. லட்சக்கணக்கானவர்கள் இறந்துபோனார்கள். வெளியிலிருந்து உதவி போனால் மட்டும் போதாது, அந்தந்த ஊரிலேயே மக்களோடு மக்களாக நிற்கும் ஆட்கள் வேண்டும் என்ற எண்ணத்தை அந்தக் காலத்து அனுபவங்கள் உறுதிப்படுத்தின. அப்படித்தான் நாசுவில் இந்தப் பண்ணை உருவானது. கிறிஸ்தவ அமைப்பாகத் தொடங்கினாலும், எல்லா மதத்தவரும் வந்து படிக்கிறார்கள். 1971-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் பெற்ற ரமோன் மகசேசே விருதை, 1996-ல் தகாமி பெற்றார்.

வேலைதான் வகுப்பறை

காலையில் எழுந்ததும் எல்லோரும் கூடி உடற்பயிற்சி. பிறகு சாணி அள்ளுவது, பன்றிக்குத் தீனி வைப்பது, முட்டை பொறுக்குவது, காய் பறிப்பது, சமைப்பது எனப் பிரிந்துபோவார்கள். மாலையிலும் அதேபோல வேலை. நடுவில்தான் வகுப்பு. இந்த வேலைகளுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஃபுட்லைஃப்'. உணவையும் உயிரையும் பிரிக்கக் கூடாது என்பதால் இரண்டு சொற்களையும் ஒட்டவைத்துவிட்டார்கள். 'சோறு வேறு, வாழ்வு வேறு இல்லை' என்று இதை நம் பாஷையில் சொல்லலாம்.

பங்கேற்பாளர், பண்ணை ஊழியர், ஜப்பானிலிருந்தும் அமெரிக்கா, ஜெர்மனி போன்ற நாடுகளிலிருந்தும் வந்து தங்கும் தன்னார்வலர் என எல்லோரும் ஒரே வேலையைச் செய்து, ஒரே உலையில் வெந்ததைச் சாப்பிடுகிறார்கள். சாப்பாட்டில் பெரும்பகுதி அங்கேயே விளைந்தது. சாப்பாட்டுக் கூடத்துக்கு 'கொய்னோனியா' என்று பெயர். 'கூடி வாழ்தல்' என்ற பொருள்கொண்ட கிரேக்கச் சொல் அது.

நாற்றத்தில் கலந்த சொந்தம்

பல நாட்டு ஆட்கள் ஒரே கூடத்தில் சாப்பிடும்போது முதலில் வரும் சிக்கல், வாசனை. ஜப்பானியர்கள் காலையில் சோற்றோடு 'நாத்தோ' சாப்பிடுவார்கள். வேகவைத்த சோயாவைப் புளிக்கவைத்து, நூல் நூலாக இழுபடும் பக்குவத்துக்குக் கொண்டுவந்தது. புதிதாக வருபவர்கள் பலரும் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள்.

ஆனால், நாகாலாந்துக்காரருக்கு அது புதிதே இல்லை. அவர் ஊரில் அதற்கு 'அக்ஸோனே' என்று பெயர். மணிப்பூரில் 'ஹவாய்ஜர்', மேகாலயாவில் 'துங்ரிம்பாய்', நேபாளத்திலும் சிக்கிமிலும் 'கினேமா', வடக்குத் தாய்லாந்தில் 'துவா நாவ்'. எல்லாமே புளிக்கவைத்த சோயாதான். மேற்கு ஆப்பிரிக்காவில் சோயாவுக்குப் பதிலாக ஒரு மரத்தின் கொட்டையைப் புளிக்கவைத்து 'தவதவா' செய்கிறார்கள். அந்த வாசனையும் இதற்குப் பக்கத்தில் வரும்.

தன் ஊரை விட்டு வெளியே போனபோதெல்லாம் 'உங்கள் சாப்பாடு நாறுகிறது' என்று கேலி கேட்டுப் பழகிய ஒருவருக்கு, ஜப்பான் போன்ற பணக்கார நாட்டில் அதே உணவைத் தினமும் பெருமையாகச் சாப்பிடுவதைப் பார்ப்பது சாதாரண விஷயம் இல்லை. வடகிழக்கு மாநிலத்துப் பிள்ளைகள் இந்தியாவின் பெருநகரங்களில் வாடகை வீட்டில் அக்ஸோனே சமைத்ததற்காக அவமானப்பட்ட கதைகள் நிறைய உண்டு. ஏளனம் செய்யப்பட்ட ஓர் உணவு இந்தப் பண்ணையின் பந்தியில் உறவுமுறை சொல்கிறது. மொழி தெரியாத இரண்டு பேரை அது பக்கத்தில் உட்காரவைக்கிறது.

சோற்றுப் பெட்டியில் பிடிக்கும் நுண்ணுயிர்

உணவைப்போலவே எருவும் ஊர்விட்டு ஊர் பயணம் செய்கிறது. இந்தப் பண்ணையில் எல்லோரும் கற்றுக்கொள்ளும் முக்கியமான பாடம், அந்தந்த மண்ணில் உள்ள நுண்ணுயிர்களைப் பிடித்துப் பெருக்குவது. கொரியாவைச் சேர்ந்த சோ ஹான் கியூ பரப்பிய முறை இது. கொரியாவிலிருந்து ஜப்பானுக்கும், பிலிப்பைன்ஸுக்கும், இந்தியாவுக்கும்கூட வந்துவிட்டது.

செய்முறை எளிது. கொஞ்சம் விறைப்பாக வடித்த சோற்றை, ஒரு மரப்பெட்டியிலோ மூங்கில் குழாயிலோ இரண்டு, மூன்று அங்குல உயரத்துக்குப் பரப்ப வேண்டும். மேலே காற்று நிற்க இடம் இருக்க வேண்டும். வாயைக் காகிதத்தால் மூடிக் கட்டி, மூங்கில் புதரிலோ மரத்தடியிலோ மக்கிய சருகுக்கு அடியில் வைத்துவிட வேண்டும். மழைத் தண்ணீரும் எலியும் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று முதல் ஐந்து நாள்களில் சோற்றின்மேல் வெள்ளையாகப் பூஞ்சணம் படரும். கறுப்பாகவோ சிவப்பாகவோ இருந்தால் தூர எறிந்துவிடலாம். வெள்ளையாக இருந்தால், சோற்றின் எடைக்குச் சமமாக நாட்டுச் சர்க்கரை சேர்த்துப் பிசைந்து, மண்பானையில் வைத்துத் துணியால் மூடி, ஒரு வாரம் நிழலில் விட வேண்டும். இதுதான் மூலக் கரைசலுக்கான 'உறை'.

அடுத்தது 'பொகாஷி'. தவிடு, கோழி எரு, உமிக்கரி, வளமான மண் ஆகியவற்றைக் கலந்து, அந்த உறையைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்துப் புளிக்கவைக்கும் எரு. ஈரப்பதம் சரியா என்று பார்க்கக் கருவி வேண்டாம். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும். விரலால் தட்டினால் உதிர வேண்டும். தண்ணீர் சொட்டினால் ஈரம் அதிகம். குவியலை நிழலில் போட்டுச் சாக்கால் மூடினால் சீக்கிரமே சூடேறும். கையை உள்ளே வைக்க முடியாத அளவுக்குச் சூடாவதற்குள் தினமும் புரட்டிவிட வேண்டும். ஒன்று, இரண்டு வாரங்களில் சூடு தணிந்து, புளித்த மாவு வாசனை வந்தால் எரு தயார். அழுகல் வாடை அடித்தால் பக்குவம் தவறிவிட்டது என்று அர்த்தம்.

அமுதக்கரைசல், பஞ்சகவ்யா தயாரிக்கும் தமிழ்நாட்டு விவசாயிக்கு இதில் எதுவும் அந்நியமாகத் தோன்றாது. மாட்டுக்குப் பதில் கோழி. உள்ளே வேலை செய்யும் தத்துவம் ஒன்றுதான். பங்கேற்பாளர்களும் இதைத்தான் கண்டுகொள்கிறார்கள். ஜப்பானில் பார்த்த பொருளை அப்படியே ஊருக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. தவிடு விலை அதிகம் என்றால் அங்கே என்ன மலிவாகக் கிடைக்கிறது என்று தேட வேண்டும். பக்கத்தில் நின்று கிளறும் ஆப்பிரிக்கக்காரரும் பிலிப்பைன்ஸ்காரரும் தங்கள் ஊரில் எதைப் போடுவோம் என்று சொல்லும்போது, ஒரு செய்முறைக்குப் பல செய்முறைகள் கிடைத்துவிடுகின்றன.

பயிருக்குள் மேயும் வாத்து

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், காவிரி டெல்டா பகுதிகளில் அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்ப்பதைப் பார்த்திருப்போம். ஜப்பானில் பயிர் நிற்கும்போதே வாத்தை இறக்குகிறார்கள். தென்ஜப்பானைச் சேர்ந்த விவசாயி தகாவோ ஃபுருனோ, 1988 முதல் இந்த முறையைச் செம்மைப்படுத்தி ஆசியா முழுக்கப் பரப்பினார். நாசு பண்ணையிலும் நெல் வயலில் வாத்து விடுவது உண்டு.

நடவு செய்து ஒன்று, இரண்டு வாரத்தில் நாற்று வேர்பிடித்ததும், இளம் வாத்துக் குஞ்சுகளை வயலில் விடுவார்கள். ஏக்கருக்கு 60 முதல் 80 குஞ்சுகள். களையையும் பூச்சியையும் நத்தையையும் அவை தின்றுவிடும். கால்களால் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருப்பதால், புதுக் களை முளைக்க வெளிச்சம் கிடைக்காது. எச்சம் எருவாகும். நெல் இலை சொரசொரப்பாக இருப்பதால் வாத்துகள் அதை அவ்வளவாக விரும்புவதில்லை. ஆனால், கதிர் வெளியே வந்ததும் வாத்துகளை வெளியேற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் மணியைத் தின்றுவிடும். நாய், நரி, பருந்துக்கு எதிராக வேலியும் வலையும் அவசியம். ராத்திரி அடைத்துவைக்க ஒரு குடிலும் வேண்டும்.

வாத்து மேய்ப்பவர், நெல் விவசாயி என்று நம் ஊரில் இரண்டு தனித்தனி ஆட்கள். இந்த முறையில் இருவரும் ஒருவரே. அடுத்த நாட்டு வழக்கத்தைப் பார்க்கும்போது, 'இது நம்மிடமும் பாதி இருக்கிறதே, மீதியை ஏன் செய்யவில்லை?' என்ற கேள்வி தானாக வரும். அது நல்ல கேள்வி.

கீழே இறக்கிவைக்க வேண்டியவை

பண்பாட்டைப் பகிர்வது என்றாலே பெருமைகளை மட்டும் எடுத்துவைப்பது என்று நினைத்துவிடுகிறோம். நாசு பண்ணையில் அது நடக்காது. வரும் பலர், தங்கள் ஊரில் தலைவர்கள். சங்கத்தின் செயலாளராகவோ, மத குருவாகவோ, தொண்டு நிறுவனப் பொறுப்பாளராகவோ இருப்பவர்கள். ஊரில் அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க ஆள் இருக்கும். இங்கே பன்றிக் கொட்டிலைக் கழுவும் முறை வந்தால் அவர்தான் இறங்கிக் கழுவ வேண்டும். கழிவறை முறை வந்தாலும் அப்படியே.

சமையலும் அதேதான். ஆண்கள் அடுப்படிக்குள் போகாத நாட்டிலிருந்து வருபவர்கள் உண்டு. முறை வந்தால், இத்தனை பேருக்கும் சேர்த்து அவர் உலை வைத்தாக வேண்டும். 'எங்கள் ஊரில் இதைப் பெண்கள்தான் செய்வார்கள்', 'எங்கள் வழக்கத்தில் இதைத் தொடமாட்டோம்' என்ற வார்த்தைகளுக்கு அங்கே மதிப்பு கிடையாது. தலைமை என்பதே சேவைதான் என்று அங்கே பாடம் எடுக்கிறார்கள். அந்தப் பாடம் மனதில் இறங்குவது துடைப்பத்தைக் கையில் எடுத்த பிறகுதான்.

சாதிக்கு ஒரு வேலை என்று பிரித்துவைத்துப் பழகிய நம் கிராமங்களுக்கு இது சுருக்கென்று தைக்கும் விஷயம். பண்ணையில் சேர்ந்து சாணி அள்ளிய கைகள் ஊர் திரும்பியதும் பழையபடி பிரிந்துபோனால், 9 மாதப் படிப்புக்கு அர்த்தமே இல்லை.

ஜப்பானும் தன் குறையை மறைப்பதில்லை. இதே தொச்சிகி மாநிலத்தில் உள்ள ஆஷியோ தாமிரச் சுரங்கத்தின் கழிவு, 19-ம் நூற்றாண்டின் இறுதியில் வதராசே ஆற்றைப் பாழாக்கியது. ஆற்றோரத்து விவசாயிகளின் நிலங்கள் விளையாமல் போயின. அவர்களுக்காக நாடாளுமன்றத்தில் குரல் கொடுத்தவர் தனகா ஷோசோ. பதவியை விட்டு விலகி, 1901-ல் பேரரசரிடமே நேரில் மனு கொடுக்க முயன்று பிடிபட்டார். இந்த வரலாற்றையும் பங்கேற்பாளர்கள் படிக்கிறார்கள். நொய்யலையும் பாலாற்றையும் பார்த்தவர்களுக்கு இந்தக் கதையை விளக்கத் தேவையில்லை. வளர்ச்சி என்ற பெயரில் ஜப்பான் என்ன விலை கொடுத்தது என்பதைச் சொல்லிக் கொடுப்பதும் பண்பாட்டைப் பகிர்வதுதான்.

அறுவடை விழாவில் ஊரே கூடும்

அக்டோபரில் நெல் அறுவடையை ஒட்டி, பண்ணையில் நன்றித் திருவிழா நடக்கும். நம் பொங்கலைப்போல என்று வைத்துக்கொள்ளலாம். அக்கம்பக்கத்து ஜப்பானியக் குடும்பங்கள் குழந்தைகளோடு வருவார்கள். பங்கேற்பாளர்கள் தங்கள் நாட்டுச் சமையலைச் செய்து பரிமாறுவார்கள். ஆட்டம், பாட்டு எல்லாம் உண்டு. உள்ளூர்த் தன்னார்வலர்களும் வந்து கைகொடுப்பார்கள்.

இங்கேயும் மேடை இருக்கிறது. ஆனால், அந்த மேடைக்குப் பின்னால் ஆறு மாத உழைப்பு இருக்கிறது. பரிமாறும் சோறு அவர்களே நட்டு, களையெடுத்து, அறுத்த நெல். குழம்பில் கிடக்கும் கறி அவர்கள் தீனி வைத்து வளர்த்தது. 'இது எங்கள் நாட்டு உணவு' என்று சொல்பவர், 'இது உங்கள் மண்ணில் என் கையால் விளைந்தது' என்றும் சேர்த்துச் சொல்ல முடிகிறது. சாப்பிடும் முன் ஜப்பானியர்கள் 'இதாதகிமாசு' என்பார்கள். 'பணிவோடு பெற்றுக்கொள்கிறேன்' என்று பொருள். வந்த விருந்தாளி சமைத்ததை வீட்டுக்காரர் பணிவோடு பெற்றுக்கொள்கிறார்.

கிராமங்களில் இளைஞர்கள் குறைந்து, வயதானவர்களே வயலில் நிற்கும் நாடு ஜப்பான். விவசாயம் செய்யத் தன் பிள்ளைகளே வராத ஊரில், எங்கிருந்தோ வந்த இளம் உழவர்கள் நாற்று நடுவதைப் பார்ப்பது அங்கே உள்ள பெரியவர்களுக்கும் ஒரு தெம்பு. கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர் என்று இதைப் பிரிக்க முடியாது.

மண் நஞ்சானபோது...

2011 மார்ச் 11-ல் வந்த நிலநடுக்கமும் சுனாமியும் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தைச் சிதைத்தன. நாசு பண்ணை அங்கிருந்து சுமார் 110 கிலோமீட்டர் தூரம். நிலநடுக்கத்தில் கட்டடங்கள் சேதமாயின. அதைவிடப் பெரிய அடி, காற்றில் வந்த கதிரியக்கச் சீசியம். பல ஆண்டுகளாக இயற்கை முறையில் வளர்த்தெடுத்த மண்ணில் அது படிந்தது. எரு தயாரிக்கும் சருகே ஆபத்தானது. சீசியம்-137 பாதியாகக் குறையவே 30 ஆண்டுகள் ஆகும்.

அந்த ஆண்டும் பயிற்சியை நிறுத்தவில்லை. 1960-ல் எல்லாம் தொடங்கிய சுருகாவாவுக்கே சில மாதங்கள் பயிற்சியை மாற்றிக்கொண்டார்கள். திரும்பி வந்த பிறகு, எந்த விளைபொருளில் எவ்வளவு கதிரியக்கம் இருக்கிறது என்று அளக்கத் தொடங்கினார்கள். 'பெக்கரல் மையம்' என்ற பெயரில் பரிசோதனைக் கூடம் அமைத்து, ஊர் மக்களின் காய்கறியையும் மண்ணையும் அளந்து சொன்னார்கள். உள்ளூர்த் தன்னார்வலர்கள் இதில் பங்கெடுத்தார்கள். 2012 ஏப்ரலில் ஜப்பான் அரசு பொதுவான உணவுகளுக்குக் கிலோவுக்கு 100 பெக்கரல் என்று உச்சவரம்பை நிர்ணயித்தது. சோயாவையும் பண்ணையில் எண்ணெயாக ஆட்டினார்கள். சீசியம் தண்ணீரில் கரையும், எண்ணெயில் சேராது என்பதால், எண்ணெயைப் பயமில்லாமல் பயன்படுத்த முடிந்தது.

இதற்குப் பிறகு வந்த பங்கேற்பாளர்களுக்கு, 'சாப்பாட்டைப் பகிர்வது' என்ற வார்த்தையின் கனம் கூடிவிட்டது. அளந்து பார்த்து, உண்மையைச் சொல்லி, அதன் பிறகே பக்கத்து வீட்டுக்காரருக்குப் பரிமாறுவது. பூச்சிக்கொல்லி அடித்த வயலின் காயைச் சந்தைக்கு ஏற்றிவிட்டு, வீட்டுக்கு மட்டும் தனியாக ஒரு பாத்தி போடும் பழக்கம் எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் யோசிக்கவேண்டிய விஷயம் இது.

திரும்பி வருவதுதான் தேர்வு

இங்கே படித்து முடித்தவர்கள் 1,300 பேருக்கும் மேல். இந்தப் படிப்பு ஜப்பானில் வேலை தேடித் தராது. அவர்களை அனுப்பிய ஊருக்கே திரும்ப வேண்டும் என்பதுதான் ஒப்பந்தம். கையில் பணமோ இயந்திரமோ கொடுத்தனுப்புவதில்லை. தவிட்டையும் கோழி எருவையும் கிளறிய பழக்கம், பல ஊர்க்காரர்களோடு சண்டையும் சமாதானமுமாக வாழ்ந்த அனுபவம், தன் ஊர் அறிவு எங்கேயும் தாழ்ந்ததில்லை என்ற நம்பிக்கை ஆகியவைதான் மூட்டையில் இருக்கும்.

நம் கிராமங்களுக்கும் வெளிநாட்டு மாணவர்களும் தன்னார்வலர்களும் வருகிறார்கள். இயற்கைப் பண்ணைகளில் தங்குகிறார்கள், பள்ளிகளில் பாடம் எடுக்கிறார்கள். அவர்களுக்கு மாலை போட்டு, நாற்காலியில் உட்காரவைத்து, இளநீர் கொடுத்து அனுப்புவது நம் வழக்கம். அதோடு ஒரு மண்வெட்டியையும் கொடுத்துப் பார்க்கலாம். ஒருநாள் அடுப்படியை அவர்களிடம் விட்டு, அவர்கள் ஊர் உணவை நம் கேழ்வரகிலும் பயறிலும் செய்யச் சொல்லலாம். நம் வீட்டுப் பிள்ளைகள் பக்கத்தில் நின்று வேலை செய்தால், இரண்டு பக்கமும் கற்றுக்கொள்ள முடியும்.

வாசகர்களுக்காகச் சில கேள்விகளும் பதில்களும்

நாசு பண்ணைப் பயிற்சிக்கு யார் விண்ணப்பிக்கலாம்?

கிராமத்தில் ஏற்கெனவே மக்களோடு சேர்ந்து வேலை செய்துகொண்டிருப்பவர்கள் விண்ணப்பிக்கலாம். ஆண், பெண் இருவரும் போகலாம். தனி ஆளாகப் போக முடியாது. உழவர் குழு, மகளிர் குழுக்களின் கூட்டமைப்பு, தொண்டு நிறுவனம் போன்ற ஓர் அமைப்பு அனுப்பிவைக்க வேண்டும். திரும்பி வந்து அந்த அமைப்போடு ஊரில் வேலை செய்ய வேண்டும்.

ஆங்கிலம் தெரிய வேண்டுமா, செலவு எவ்வளவு ஆகும்?

பயிற்சி ஆங்கிலத்தில் நடப்பதால், கேட்டுப் புரிந்துகொண்டு பதில் சொல்லும் அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஜப்பான் மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. பயிற்சி, தங்குமிடம், உணவுக்கான செலவைப் பெரும்பாலும் நன்கொடையாளர்கள் தரும் உதவித்தொகை ஏற்றுக்கொள்கிறது. விமானக் கட்டணத்தில் யார் எவ்வளவு தருவது என்பதை விண்ணப்பிக்கும்போதே எழுத்தில் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. 'ஜப்பான் அனுப்புகிறேன்' என்று சொல்லிப் பணம் கேட்கும் இடைத்தரகர்களிடம் ஏமாற வேண்டாம். நேரடியாக நிறுவனத்துக்கே எழுதலாம்.

எங்கள் வீட்டில் வெளிநாட்டு மாணவர் ஒருவரைத் தங்கவைக்கலாமா?

தங்கவைக்கலாம். ஆனால், அவர் வந்து 24 மணி நேரத்துக்குள், வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில் அவரைப் பற்றிய விவரங்களைப் பதிவுசெய்ய வேண்டும். இதைச் 'சி-படிவம்' என்று சொல்லிவந்தார்கள். விடுதிகளுக்கு மட்டுமின்றி, வீடுகளுக்கும் இது பொருந்தும். அவருடைய விசா எந்த வகை, அதில் தன்னார்வப் பணி செய்ய அனுமதி உண்டா என்பதையும் முன்னதாகவே பார்த்துக்கொள்ள வேண்டும். சந்தேகம் இருந்தால், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

வயலில் வாத்து விடும் முறையை நம் ஊரில் செய்து பார்க்கலாமா?

தண்ணீர் தொடர்ந்து நிற்கும் வயலாக இருந்தால் செய்யலாம். முதலில் கால் ஏக்கரில் 15 முதல் 20 குஞ்சுகளோடு தொடங்குங்கள். வரிசை நடவு செய்திருந்தால் வாத்துகள் நடமாட வசதி. அந்த வயலிலும், அதற்குத் தண்ணீர் வரும் மேல்வயலிலும் பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி தெளிக்கவே கூடாது. வாத்துகளுக்குப் போடவேண்டிய தடுப்பூசி பற்றிக் கால்நடை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து வயல்காரரிடமும் சொல்லிவிட்டுத் தொடங்குவது நல்லது. அவர் மருந்து அடிக்கும் நாள் தெரிந்தால்தான் குஞ்சுகளைக் காப்பாற்ற முடியும்.